பூட்ஸ் நாத்தம் போயிருச்சுங்க

இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா சார்? இல்லியா? நல்லதாப் போச்சு. இல்லல்ல, ஜன்னலோரம் நீங்களே இருங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். காலு கொஞ்சம் நீட்டணும், அவ்வளவுதான். எதுவரைக்கும் போறீங்க? நாமக்கல்லா? நானும் நாமக்கல்தான். பேச்சுத்துணைக்கு ஆச்சு.

பூட்ஸைத்தான பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. எல்லாரும் பாக்கறதுதான். ஆத்தூர்ல முழங்கால் வரைக்கும் பூட்ஸு போட்ட ஆளு நான் ஒருத்தன்தான். ரைடிங் பூட்ஸுங்க இது. குதிரைக்கு இல்ல, பைக்குக்கு. வேட்டிக்கு மேட்ச் ஆகலியேன்னு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கேட்டான். வேட்டியை மடிச்சுக் கட்டினாத்தானய்யா பூட்ஸு முழுசாத் தெரியும், பேண்ட்டுக்குள்ள விட்டா யாருக்குத் தெரியும்னு சொன்னேன். வாயை மூடிட்டான். மூக்கையும் மூடிட்டான், அது எதுக்குன்னு தெரியல.

ஜலதோஷமா சார் உங்களுக்கு? நான் உக்காந்ததுல இருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லியே. மிளகை ஊசில குத்தி விளக்குல காட்டி, அந்தப் புகையை இழுங்க. ஒரே நாள்ல விட்டுரும். ஓ, நீங்க மருந்து கம்பெனி ரெப்பா? சரி சரி, உங்களுக்கே நான் வைத்தியம் சொல்றேன் பாருங்க.

நான் நாமக்கல் போறது என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வர. கோமளவல்லின்னு பேரு. தம்பி வீட்டுல இருக்கா. கோபம்தான், வேற என்ன? எல்லாம் இந்த பூட்ஸால வந்தது. நேத்து போன் பண்ணி, 'கோமளா, நாத்தம் போயிருச்சு, வந்துரு'ன்னேன். 'நீங்க சொன்னா நம்ப மாட்டேன். போட்டுட்டு வாங்க, நானே பாத்துச் சொல்றேன். போயிருந்தா உங்ககூட வர்றேன். போகலைன்னா இங்கயே இருந்துக்கறேன்'னுட்டா. மச்சினன் மாடில ஒரு ரூமை ஒழிச்சுக் குடுத்துட்டானாம். கட்டிலும் போட்டாச்சாம். கட்டில் சார்! விருந்தாளியா வந்தவளுக்குப் பாய் போதும். கட்டில்னா என்ன அர்த்தம்?

அதான் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். புல்லட்ல வந்திருப்பேன். ஆனா அவ வண்டில ஏற மாட்டா. திரும்பறப்ப ரெண்டு பேரும் சேந்து பஸ்ல வரணுமில்ல?

நமக்குக் காப்பித்தூள் கடைங்க. கடைவீதில கோமளா காப்பின்னு கேட்டுப் பாருங்க, யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. எங்கப்பா காலத்துல வேற பேரு. கல்யாணமான வருஷம் நான்தான் மாத்துனேன். அப்பன் பேரை எடுத்துட்டுப் பொண்டாட்டி பேரைப் போட்டான்னு கடைவீதியே சிரிச்சுது. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

இந்த மூக்கு இருக்கே, இதுதான் சார் என் மொதலு. கடிகாரம் பாத்து வறுபடற கொட்டையை இறக்கறவனெல்லாம் காப்பிக்காரனே இல்ல. மூக்கு சொல்லணும், இப்ப இறக்குன்னு. என் மூக்கு சொல்லும். அது என்னமோ, கடைக்குப் பின்னாலதான் எங்க வீடு, மூக்கு சொல்லப் போற நேரத்துக்குக் கோமளா உள்ள இருந்து 'ஏங்க, இறக்குங்க, தீயுது'ன்னு குரல் குடுப்பா. நானும் அப்பத்தான் இறக்கலாம்னு நெனச்சிருப்பேன். தற்செயல்தான். கல்யாணமான நாள்ல இருந்து தெனமும் இந்தத் தற்செயல் நடக்குது.

கண்டக்டர்! ஆத்தூர்ல ஏறுன ஒண்ணு, நாமக்கல்! ஏய்யா, அங்கிருந்தே கையை நீட்டற, கிட்ட வந்து குடுத்தா ஆகாதா? பாருங்க சார், பின்னாடி இத்தனை சீட்டு காலியாக் கிடக்குது, ஜனம் பூரா முன்னாடி போயி ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நிக்குது. டிரைவர் மடிலதான் இன்னும் யாரும் உக்காரல. மல்லியகரைல ஏறுன ஜனத்துக்கே உக்காந்து வரத் தெரியாதுங்க.

எங்க விட்டேன்? ஆங், புல்லட். அம்பது வயசுக்கு மேல ஆசைப்பட்டு வாங்குனேன். வெட்டியா சுத்தறதுக்கு இல்ல. தரகன் கொண்டாற மூட்டைல மேல நல்ல கொட்டை இருக்கும், அடில கறுத்த சொத்தை இருக்கும். நேரா ஏற்காட்டுக்கே போயி, எஸ்டேட்ல மூட்டைக்குள்ள கையை விட்டு, மோந்து பாத்து வாங்கலாம்னு. முதல் தடவை போறப்பவே ஒரு கொண்டை ஊசி வளைவுல வண்டி சாஞ்சு கணுக்கால் வீங்கிருச்சு. கால்ல ரப்பர் செருப்பு. கோமளா ஒத்தடம் குடுத்துக்கிட்டே என்ன சொன்னா தெரியுங்களா? 'செருப்பைப் போட்டுட்டு மலை ஏறுனா இப்படித்தான் ஆகும். நல்ல ஷூவா ஒண்ணு வாங்குங்க'ன்னா. யாரு சொன்னா? அவ சொன்னா. இதை ஞாபகம் வெச்சுக்கங்க சார், நாமக்கல்ல பேச்சு வந்தா நீங்கதான் சாட்சி.

அவ சொன்னது பக்கத்துக் கடை கேன்வாஸ் ஷூ. நான் போன்ல ஆர்டர் போட்டேன். முழங்கால் உசரம், ரெண்டு ஜிப்பு, கணுக்காலுக்கு உள்ள தகடு. பொட்டி வந்துச்சு. கூடத்துல வெச்சு பிரிச்சேன். கோமளா சமையக்கட்டுல இருந்து 'கேஸ் லீக் ஆகுது'ன்னு கத்திக்கிட்டே ரெகுலேட்டரை மூடிட்டு வாசலுக்கு ஓடிட்டா.

அப்படி ஒரு நாத்தம் சார். பஞ்சர் ஒட்டற சொல்யூஷன், புது பெயிண்ட்டு, மண்ணெண்ணெய், எல்லாம் கலந்து, அதுக்கு அடில என்னமோ செத்துக் கிடக்கற மாதிரி. நான் மறைக்கல, நாத்தம் இருந்துச்சு. கோமளா வாசல்ல நின்னுக்கிட்டே 'திருப்பி அனுப்பிருங்க'ன்னா. வாங்கின பொருளை நான் திருப்பிக் குடுத்ததே இல்ல சார். கேவலம் இல்லியா அது? 'புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் வெயில்ல வெச்சாப் போயிரும்'னு சொன்னேன். சொல்லிட்டேனா? சொன்னதுக்கப்புறம் போயித்தானே ஆகணும்?

மொட்டை மாடில வெச்சேன். பக்கத்து மாடில செண்பகம் அக்கா வத்தல் காயப் போட்டிருந்தாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுல வத்தல் பொரிச்சா பெயிண்ட்டு நாத்தம் அடிக்குதுன்னு ஒரே சண்டை. நான் கேட்டேன், 'அக்கா, காக்கா ஒரு வத்தலையாச்சும் தொட்டுச்சா? வருஷா வருஷம் கம்பைத் தூக்கிட்டுக் காவல் இருப்பீங்களே, இந்த வருஷம் இருந்தீங்களா?' நியாயம்தானுங்க? நன்றி சொல்ல வேண்டிய இடம். இன்னைவரைக்கும் பேச்சு வார்த்தை இல்ல.

அப்புறம் சாம்பிராணி. வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னுட்டா கோமளா. அதனால வாசல்ல ஒரு நாற்காலியைப் போட்டு, அதுல பூட்ஸை நிக்க வெச்சேன். கீழ தூபக்கால்ல கங்கு போட்டு சாம்பிராணி. பத்தாதுன்னு ஒரு வாழைப்பழத்துல ஊதுபத்தியைக் கொத்தாக் குத்தி வெச்சேன். வெட்டிவேர் மாலை ஒண்ணு பழசு கிடந்தது, அதையும் பூட்ஸுக்குச் சுத்திவிட்டேன். புகைல கண்ணு ரெண்டும் தாரை தாரையா ஊத்துது. தலைல துண்டைப் போட்டுக்கிட்டு பக்கத்துலயே தரையில உக்காந்துட்டேன்.

எதிர்வீட்டு நல்லதம்பி, சர்வேயரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, மெல்ல வந்தாரு. செருப்பைக் கழட்டி விட்டுட்டு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. 'எப்ப?'ன்னாரு. நான் பார்சலைக் கேக்கறாருன்னு நெனச்சு 'போன வெள்ளிக்கிழமை'ன்னேன். 'ஐயோ, இன்னுமா வெச்சிருக்கீங்க!'ன்னு அலறிட்டாரு. 'அதான் இந்த நாத்தமா! மத்தவங்களுக்குச் சொல்லியாச்சா? எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?'ன்னாரு. 'நாத்தம் போனாத்தாங்க எடுப்பேன்'னு நான் சொல்லிட்டு இருக்கறப்பவே இன்னும் நாலஞ்சு பேரு வந்துட்டாங்க. ஒருத்தரு ரோஜா மாலையோட வந்துட்டாரு. வந்த மாலையை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வாங்கி பூட்ஸு மேலயே போட்டேன், அதுவும் ஒரு வாசந்தானே.

அந்த நேரம் பாத்துக் கோமளா எனக்குக் காப்பி எடுத்துட்டு வெளிய வந்தா. அவளைப் பாத்ததும் நல்லதம்பி படியில இருந்து கீழ விழுந்துட்டாரு. அவ போயிட்டான்னுதான் எல்லாரும் வந்திருக்காங்க. கோமளாவுக்கு மனசுல தைச்சிருச்சு. உயிரோட இருக்கறவளுக்கு மாலை வந்துருச்சேன்னு அவளுக்கு வருத்தம். நான் என்ன சொன்னேன்னா, உனக்கு வந்த மாலையை பூட்ஸுக்குத்தானே போட்டேன், தோஷம் அதோட போச்சுன்னேன். சமாதானமாத்தான் சொன்னேன். அவ அதையும் தப்பா எடுத்துக்கிட்டா.

அடுத்த சனிக்கிழமை எனக்குத் தெரியாம பூட்ஸைப் பைல போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போயிருக்கா. கோயில்ல செருப்பு காணாமப் போனா புடிச்ச சனி விட்டுச்சுன்னு நம்ம ஜனம் சந்தோஷப்படுமே. வாசல்ல விட்டுட்டு வந்துட்டா, யாராச்சும் எடுத்துட்டுப் போகட்டும்னு. யாரு எடுப்பா? மத்தவங்க அவங்கவங்க செருப்பை அந்தாண்டை நகத்தி வெச்சிருக்காங்க. மத்தியானம் செருப்பு பாத்துக்கற அம்மா ஒரு கம்பு முனைல பூட்ஸைத் தொங்கவிட்டுக்கிட்டு, கடைவீதி வழியா, எல்லாரும் பாக்க, என் கடைக்கே கொண்டாந்து குடுத்துட்டாங்க. 'ஊர்ல வேற யாருங்க இதை வெச்சிருப்பா'ன்னாங்க. நம்ம பொருளுக்கு ஊர்ல அப்படி ஒரு மரியாதை.

ஜன்னலை ஏன் சார் அவ்வளவு திறக்கறீங்க? தலையை உள்ள இழுங்க, எதிர்ல லாரி வருது. ஜலதோஷக்காரரு காத்துல இருக்கக் கூடாது.

இதுக்கு நடுவுல தெனமும் காலைலயும் சாயங்காலமும் நான் சோதனை பண்ணிப் பாத்துருவேன். தள்ளி வெச்சு மோந்தாத் தெரியாதுங்க. முகத்தை முழுசா உள்ள விட்டு, காது வரைக்கும் விட்டு, நல்லா மூச்சை இழுத்துப் பாக்கணும். நாத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கணக்கா தெரியணுமில்ல? ரெண்டு பூட்ஸுலயும் பாக்கணும். ஒண்ணுல கம்மியா இருக்கும், ஒண்ணுல ஜாஸ்தியா இருக்கும். மோந்து முடிச்சா தலை கிர்ருன்னு சுத்தும். கொஞ்ச நேரம் சுவத்தைப் பிடிச்சுட்டு நிப்பேன். கோமளா பாத்துட்டு, 'அதுக்குள்ளயே குடியிருந்துருங்க'ன்னுட்டுப் போவா.

கடைசில எனக்கே உதிச்சது பாருங்க ஒரு யோசனை. நான் யாரு? காப்பிக்காரன். எந்த வாசத்தையும் அமுக்கிப் போடறது காப்பிதானே. பீபரின்னு ஒத்தைக் கொட்டை, இருக்கறதுலயே ஒசந்த ரகம், அன்னைக்கு வறுத்து அன்னைக்கு அரைச்ச தூளு, ரெண்டு பூட்ஸுலயும் கழுத்து வரைக்கும் கொட்டி, வாயைத் துணியால கட்டி வெச்சுட்டேன். சில நாள் கழிச்சு அவுத்தேன். தூளைக் கொட்டிட்டு முகத்தை உள்ள விட்டேன். இழுத்தேன். சார்! ஒண்ணுமில்ல! சுத்தமா ஒண்ணுமில்ல! நான் கூடத்துல குதிச்ச குதில காலண்டர் கீழ விழுந்துருச்சு.

கோமளாவைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொன்னேன். அவ கிட்டயே வரல. வாசப்படில நின்னுட்டு, 'பெயிண்ட்டு டப்பால காப்பி போட்ட மாதிரி இருக்கு'ன்னா. போயிருச்சுன்னு ஒத்துக்க அவளுக்கு மனசு இல்ல, அவ்வளவுதான்.

தூளை என்ன பண்ணுனேன்னா? நல்ல கேள்வி கேட்டீங்க. கைல எடுத்து மோந்து பாத்தேன். அதுலயும் ஒரு நாத்தமும் இல்ல. பீபரி சார்! குப்பைல கொட்ட மனசு வருமா? டின்லயே திருப்பிக் கொட்டிட்டேன். அரவை மிஷின்ல நிக்கற அர்த்தநாரி அதைப் பாத்துட்டே நின்னான். அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து அவன் டீக்கு மாறிட்டான்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

அந்த டின்னைத்தான் மச்சினன் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துட்டுப் போனேன். அவங்க வீட்டு விசேஷம் எதுவானாலும் எங்க கடைக் காப்பிதான். கோமளாவே நின்னு டிகாஷன் இறக்குவா. அன்னைக்கு அவ மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை உக்கார வெச்சுப் பேசிட்டு இருந்தா, சமையக்காரங்களே போட்டுட்டாங்க. அவதான் தட்டுல வெச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா. மாப்பிள்ளையோட அப்பா ஒரு வாய் குடிச்சாரு. டம்ளரையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் ரொம்ப மரியாதையா, 'வீட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டாரு.

வரிசையா எல்லாரும் டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. கோமளா ஒரு டம்ளரை எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போனா, குடிக்கக்கூட இல்ல, என்னைப் பாத்தா. 'என்னங்க பண்ணுனீங்க?'ன்னா, மெதுவா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். எங்கப்பா காலத்துல இருந்து காப்பி விக்கறவன் நான். அத்தனை பேரு முன்னாடியும் ரெண்டு டம்ளரை எடுத்து மடக் மடக்குன்னு குடிச்சேன். 'அருமையா இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு நல்ல காப்பி குடிச்சுப் பழக்கமில்ல போலிருக்கு'ன்னேன்.

அதுக்கு மச்சினன் என் கையைப் பிடிச்சு, 'மாமா, வெளிய வாங்க மாமா'ன்னு இழுக்கறான். மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு. அப்ப கோமளா போயி அவரு முன்னால கையைக் கூப்பி நிக்கறா. 'டின்னு மேல என் பேருதாங்க போட்டிருக்கு. தப்பு என்னுது. மன்னிச்சுக்கங்க. இப்பவே வேற காப்பி போடச் சொல்றேன், உக்காருங்க'ன்னா. அப்புறம்தான் அவரு உக்காந்தாரு. நிச்சயம் நடந்துச்சு.

இவ ஏன் சார் மன்னிப்பு கேக்கணும்? இவ என்ன தப்பு பண்ணுனா? அதைத்தான் நான் வெளிய வந்து கேட்டேன். கிளம்பற நேரத்துல 'நீங்க போங்க, நான் வரல'ன்னுட்டா.

அன்னைல இருந்து தனியாத்தான் இருக்கேன். வீட்டுல எதுவுமே சரியில்ல சார். நானே காப்பி போட்டுக்கறேன், சுடுதண்ணி மாதிரி இருக்கு. பாலு சரியில்ல. ரசத்துக்குப் பெருங்காயம் ஒரு கட்டியே போட்டாலும் பெருங்காயம் போட்ட மாதிரியே இல்ல. இப்பல்லாம் எல்லாத்துலயும் கலப்படம். கடைல ரெண்டு வறுப்பு கரியாப் போயிருச்சு. மிஷின்ல கோளாறு. கோமளா பின்னாடி இருந்து குரல் குடுக்கறது நின்னதுல இருந்து மிஷினு என்னமோ சரியா ஓட மாட்டேங்குது. வாடிக்கைக்காரங்க எதிர்ல புதுசா தொறந்த கடைக்குப் போறாங்க. போகட்டும், புதுசுன்னா நாலு நாள் போவாங்க.

நாமகிரிப்பேட்டை வந்துருச்சு பாருங்க. இந்த மாசத்துல இங்க பஸ்ஸு நுழையறப்பவே மஞ்சள் வேக வைக்கற வாசம் மூக்கைத் துளைக்கும். இந்த வருஷம் மஞ்சள் போடலியோ என்னமோ, ஒண்ணையும் காணோம். என்னது? அடிக்குதுங்களா? கைக்குட்டைக்கு மேலயே அடிக்குதா? உங்களுக்கு ஜலதோஷம் சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜலதோஷம் இல்லியா? அப்ப எதுக்குக் கைக்குட்டை?

சரி, சொல்ல வேண்டாம்னா விடுங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. கோமளாவுக்கு மல்லிப்பூ வாங்கினேன், ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுல. ஏமாத்திட்டா பூக்காரம்மா. வாசமே இல்லாத பூ. காகிதத்துல செஞ்சதோன்னு பிச்சுக்கூடப் பாத்தேன். நீங்க மோந்து பாருங்க. கைக்குட்டையை எடுத்துட்டு ஒரே ஒரு தடவை.

கமகமன்னு இருக்குங்களா?

விளையாடாதீங்க சார்.

இது என்ன, உங்க பைல இருந்து? நீலகிரித் தைலமா? குடுங்க. கண்ணு எரியுது, தண்ணி வருது, ஆனா... பாட்டில் புதுசுதானுங்களே? மூடியை நீங்க இப்பத்தான திறந்தீங்க? இன்னொரு தடவை குடுங்க.

ஒண்ணுமே வரல சார்.

இருங்க, இருங்க, ஒண்ணும் பேசாதீங்க, நானே யோசிக்கறேன். மல்லில வாசம் இருக்கு. மஞ்சள் வேகுது. பெருங்காயத்துல கலப்படம் இல்ல. அப்ப பூட்ஸு? நீங்க சொல்லுங்க. பரவால்ல, சொல்லுங்க, நான் அடிச்சிர மாட்டேன். அதான் ஜனம் பூரா டிரைவர் பக்கத்துல நிக்குதா? அதான் நீங்க ஜன்னலுக்கு வெளிய தலையை விட்டீங்களா?

அப்ப டின்னுல கொட்டின தூளு?

சார், அந்தக் காப்பியை நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன் சார்.

பயமா இருக்கு. மெய்யாலுமே பயமா இருக்கு சார். காலைலயும் சாயங்காலமும் முகத்தை உள்ள விட்டு இழுத்தேனே, அதுல போயிருச்சோ? காப்பிக்காரனுக்கு மூக்கு போயிருச்சுன்னா வேற என்ன இருக்கு? கடைல உக்காந்து கொட்டை கரியாகறதைப் பாத்துட்டு இருக்க வேண்டியதுதானா? திரும்பி வருமா அது, உங்க கம்பெனில மருந்து இருக்குங்களா? டாக்டரைப் பாக்கணுமா? பாக்கறேன், நாளைக்கே பாக்கறேன். ஆனா இன்னைக்கு என்ன பண்றது? அவ முன்னால இதைப் போட்டுக்கிட்டுப் போயி, 'பாரு, போயிருச்சு'ன்னு காலை நீட்டி இருப்பேனே! அவ மூக்கு என்னன்னு எனக்குத் தெரியும். சமையக்கட்டுல தாளிச்சுக்கிட்டே கடைல கொட்டை எந்தப் பதத்துல இருக்குன்னு சொல்லுவா. முழுசா ஒரு சுவரு நடுவுல. அவதான் சொல்லுவா சார், நான் இல்ல. அவ குரல் குடுத்தப்புறம்தான் நான் இறக்குவேன். எல்லா நாளும்.

அந்த மூக்குக்குத்தான் நான் நாத்தம் போயிருச்சுன்னு பாடம் நடத்தியிருக்கேன். அவ அத்தனை பேரு முன்னாடி கை கூப்பி நின்னா.

புதுச்சத்திரம் தாண்டியாச்சா? சார், இந்த ஜிப்பைக் கொஞ்சம் இழுங்க. உக்காந்து உக்காந்து காலு வீங்கிருச்சு, கழட்ட வரல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுங்க. இப்ப நான் எதுக்குக் கோவிச்சுக்கப் போறேன், நல்லா மூக்கைப் பொத்திக்கிட்டே இழுங்க. வந்துருச்சு. இன்னொண்ணு. அப்பாடா. ரெண்டையும் சீட்டுக்கு அடில தள்ளிட்டேன். வெறுங்கால்லயே போயிக்கறேன். வெயில்தான், சுட்டுட்டுப் போகுது.

என்ன சொல்லட்டும் சார் அவகிட்ட? 'நாத்தம் போகல கோமளா, என் மூக்குதான் போயிருச்சு'ன்னு சொல்லிடறேன். காப்பி கெட்டுத்தான் இருந்துச்சுன்னு சொல்றேன். மச்சினன் வீட்டுக்குப் போயி அவனுக்கும் சொல்றேன், அந்த மாப்பிள்ளையோட அப்பா வீடு எங்கன்னு கேட்டு அங்கயும் போயிச் சொல்றேன். அவளை இனிமே பின்னாடி வீட்டுக்குள்ள உக்கார விட மாட்டேன். வறுக்கற மிஷின் பக்கத்துலயே நாற்காலி போடறேன். அவ இறக்குன்னா இறக்கறேன், வேண்டாம்னா விடறேன். தற்செயல்னு ஒரு வார்த்தை என் வாயில வராது. ஆனா மொதல்ல ஷூ வாங்கச் சொன்னது அவதான்னு, சும்மா ஒரு வார்த்தை, நடுவுல...

வேண்டாமா? சரி. வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பிருச்சு. சார், எந்திரிங்க, அங்க பாருங்க! பழக்கடைப் பக்கம், மஞ்சப் புடவை. கோமளா! வந்துருக்கா சார்! நான் வரச் சொல்லவே இல்ல. பஸ்ஸு நேரத்தைக் கேட்டு அவளா வந்துருக்கா. பாத்தீங்களா, பஸ்ஸு இன்னும் நிக்கக்கூட இல்ல, அத்தனை தூரத்துல இருக்கா, அதுக்குள்ள முந்தானையை எடுத்து மூக்குல வெச்சுட்டா. அதுதான் சார் மூக்கு! அதுதான்! எனக்கு அழுகை வருது சார்.

பூவு எங்க? கைலயே இருக்கு. நான் வர்றேன் சார். கோமளா! இதோ, இறங்கறேன்! அங்கயே நில்லு, கிட்ட வராத!

என்னய்யா கண்டக்டர், எதுக்குக் கத்தற? தெரியும்யா, மறக்கல, வேணும்னேதான் விட்டுட்டுப் போறேன். நீயே வெச்சுக்க. வேண்டாமா? தூக்கி எறியப் போறியா? சரி, எறி, நல்லா எறி! ஆனா அந்தப் பக்கமா எறி சாமி, இந்தப் பக்கம் என் கோமளா நிக்கிறா!